வலைப்பிரவேச காலத்துப் பசி: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

பாயிரம்

சைபர்பங்க் என்னும் எதிர்காலக் கற்பனையுலகை மேஜையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடுகின்ற ஆட்டங்களில், ஆடுவோருள் ஒருவர் மாத்திரம் கணினி வலைக்குள் புகுந்து பராக்கிரமம் காட்டிக்கொண்டிருக்கும்போது எஞ்சிய நால்வரும் என்ன செய்கிறார்கள் என்னும் வினா, அறிஞர் சபையில் அதற்குரிய கௌரவத்துடன் இதுகாறும் எழுப்பப்படவில்லை. இத்துறையில் பேனா பிடித்தோர் பெரும்பாலும் ஹேக்கரைப் பற்றியே எழுதினர். ஹேக்கருக்கு ஆயுதமுண்டு, அட்டவணையுண்டு, தனி அத்தியாயமுண்டு. ஆகையால் அவரைப் பற்றி எழுத ஆளுமுண்டு. எஞ்சிய நால்வரிடம் உள்ளது ஒரு தொலைபேசி எண் மட்டுமே. அது பீட்சாக் கடையின் எண்.

அமெரிக்க ஆட்டக்காரர்கள், ஹேக்கருக்கு அந்தந்த ஆட்டத்தில் வழங்கும் பெயரைக் கொண்டு, இந்நிலைமையை நெட்ரன்னர் சிக்கல் என்றும் டெக்கர் சிக்கல் என்றும் சொல்வதுண்டு. ஹேக்கர் உள்ளே போய்விட்டார், இனி நாம் போய்ப் பீட்சா வாங்கி வரலாம் என்பது அவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பரிகாசம். பரிகாசமாக வழங்குவதொன்றைக் கனமான ஆய்வுப்பொருளாக்கி, அதிலுள்ள சிரிப்பை அறவே நீக்கி, முடிவில் ஒரு பட்டமும் பெற்றுக்கொள்வது ஆராய்ச்சியாளரின் தர்மம் ஆதலால், நாமும் அத்தர்மத்தில் இறங்கினோம். பட்டம் பற்றிய கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது.

ஆட்டத்தின் லக்ஷணம்

அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டம் அச்சேறியது முதல் நிலைபெற்ற சம்பிரதாயப்படி, ஒருவர் கேம் மாஸ்டர் என்னும் சூத்திரதாரியாக இருந்து உலகத்தையும் பகைவரையும் வர்ணிப்பார். மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று தாம் செய்வதைச் சொல்வர். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். சைபர்பங்க் வகையில் அப்பாத்திரங்கள் எதிர்கால நகரத்துக் கூலிப்படையினர். சண்டைக்கு ஒரு சோலோ, பேரத்துக்கு ஒரு ஃபிக்ஸர், சிகிச்சைக்கு ஒரு மெட்டெக், வண்டிக்கு ஒரு நோமேட் என நால்வர் நிற்க, ஐந்தாமவராய் நெட்ரன்னர் என்னும் ஹேக்கர் வருவார். ஒரு பெருநிறுவனத்தின் கோபுரத்துக்குள் ஐவரும் திருடப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயிலை அடைந்ததும் ஹேக்கர் தம் மூளையைக் கம்பியால் கணினியோடு இணைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அக்கணமே கதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதியில் ஹேக்கரும் சூத்திரதாரியும் சுவாரஸ்யமாகப் பேசிக்கொண்டிருப்பர். மற்றொரு பாதியில் நான்கு வீரர்கள் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பர்.

இந்த ஸ்திதிக்கு நிகரானதொன்று உண்டெனில் அது முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வேயாகும். அங்கும் இருவரே பேசுவர். பேசப்படுவது இன்னதென்று அவ்விருவருக்கும் ஓரளவு தெரியும். சபையிலுள்ளோர் யாவரும் பின்வரிசையில் மூடி வைக்கப்பட்டிருக்கும் சிற்றுண்டித் தட்டுகளின்மேல் நோக்கம் பதித்திருப்பர். வேற்றுமை ஒன்றே: மேஜை ஆட்டத்தில் ஹேக்கர் தோற்பதற்கும் வாய்ப்புண்டு.

சொல்லாராய்ச்சி

ஹேக்கிங் என்னும் சொல்லின் வேர் பற்றிய விசாரத்தை, அதில் பலர் ஓய்வூதியம் பெறுங்காறும் ஈடுபட்டிருக்கக் கூடுமாதலால், அவர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

மூலபாட விசாரம்

இந்தச் சம்பிரதாயத்தின் ஆதி கர்த்தா வில்லியம் கிப்சன் ஆவார். 1982இல் ஆம்னி சஞ்சிகையில் வெளிவந்த சிறுகதையிலே சைபர்ஸ்பேஸ் என்ற சொல்லை வழங்கியவரும், 1984இல் வந்த ‘நியூரோமான்ஸர்’ நாவலிலே அதனை ஒரு தேசமாகவே விரித்துக் காட்டியவரும் அவரே. வலையைக் காவல் செய்யும் நிரல்களுக்கு ஐஸ் என்ற பெயரை மட்டும் நண்பர் டாம் மாடக்ஸிடமிருந்து பெற்று, அதனை ஒப்புக்கொள்ளவும் செய்தார். நண்பரிடம் பெற்றதை ஒப்புக்கொண்டார் என்பதால் அவர் கல்வித்துறையைச் சார்ந்தவரல்லர் என்பது தெளிவு. அந்நாவலைக் கையால் தட்டும் தட்டச்சுப் பொறியிலேயே அவர் எழுதினார். கணினியில் பழக்கமில்லாதவர் கணினியுலகத்தைப் பற்றி எழுதலாமோ என்று ஆக்ஷேபிப்போர், தத்தம் சர்வகலாசாலையின் பாடத்திட்டக் குழுவை ஒருகால் நினைத்துப் பார்ப்பாராக.

இனி, உரைகாரர் பலரும் காணாது விட்ட ஓர் இடத்தைக் காட்டுவோம். அந்நாவலில் கேஸ் என்னும் ஹேக்கர், சென்ஸ்/நெட் என்னும் நிறுவனத்தின் காப்பகத்தை வலை வழியே உடைக்கிறான். அதே நேரத்தில் மோலி என்னும் வீராங்கனை அதே கட்டடத்துக்குள் உடம்போடு நுழைகிறாள். கேஸின் கையருகே ஒரு விசை இருக்கிறது. அதைத் தட்டினால், சிம்ஸ்டிம் என்னும் கருவியின் வழியாக, மோலி காண்பதை அவன் காண்பான், அவள் உணர்வதை உணர்வான். மறுபடி தட்டினால் வலைக்குத் திரும்புவான். மோலியின் கால் முறிகிறது. அந்த வலியும் விசையின் வழியே அவனை வந்து தாக்குகிறது. வலைக்குள் ஒரு கணம், கட்டடத்துக்குள் ஒரு கணம் எனக் கதை தாவித்தாவிச் செல்வதால், வாசகருக்குச் சலிப்பென்பது இல்லை. மோலியும் கேஸ் வேலையை முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றாளில்லை. ஆகவே, எந்தச் சிக்கலைத் தீர்க்க ஆட்டம் வகுத்தோர் பல பதிப்புகளாக மன்றாடி வருகிறார்களோ, அதற்கான பரிகாரம் மூலநூலிலேயே ஒரு விசையாக வைக்கப்பட்டிருந்தது. அவர்கள் கிப்சனிடமிருந்து ஹேக்கரை எடுத்துக்கொண்டார்கள், உள்ளே வருவோரின் மூளையையே தாக்கும் கறுப்பு ஐஸை எடுத்துக்கொண்டார்கள், கண்ணாடி போட்ட வீராங்கனையையும் எடுத்துக்கொண்டார்கள். விசையை மட்டும் மறந்துவிட்டு வந்தார்கள்.

மறந்ததன் விளைவு உடனே தெரிந்தது. 1988இல் மைக் பாண்ட்ஸ்மித் தம் ஆர். டல்சோரியன் நிறுவனத்தின் வாயிலாக ‘சைபர்பங்க்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். 1990இல் அது ‘சைபர்பங்க் 2020’ என மறுவடிவம் பெற்றது. 1989இல் ஃபாசா நிறுவனத்தார் மந்திரவாதிகளையும் கணினியையும் ஒருங்கே கலந்து ‘ஷேடோரன்’ ஆட்டத்தை வெளியிட்டார்கள். இவ்விரண்டிலும் வலை என்பது ஒரு பாதாளம். கணுவுக்குக் கணு பாதை, கணுவுக்கொரு காவல், உள்ளே பொக்கிஷம். அஃதாவது, 1974இல் ஐவர் சேர்ந்து நுழைந்த பழைய பாதாளத்தையே எடுத்து, அதற்குள் ஒருவரை மட்டும் அனுப்பினார்கள். ‘2020’ பதிப்பிலோ, ஹேக்கர் தம் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே கண்டம் விட்டுக் கண்டம் தாவி வலைக்குள் போய்வரலாம்; தோழர்களோடு ஒரே நகரத்தில் இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. இத்தகைய ஹேக்கரோடு ஆடுவது, கடிதத்தில் குடும்பம் நடத்துவதற்கு ஒப்பானது என்று கண்ட சூத்திரதாரிகள் பலர், ஆட்டக்காரர் எவரும் ஹேக்கராக வேண்டா, அவனை நானே ஆட்டிவைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டனர். நோயாளியை வெளியேற்றி நோயைத் தீர்த்த இம்முறையைக் கண்டு வைத்தியர்கள் பொறாமை கொள்ளலாம்.

அந்நாளைய ஹேக்கிங் விதிகளை முதலிலிருந்து முடிவுவரை அலுப்பின்றி வாசித்த வெளியார் என்று வரலாற்றில் ஒருவரைக் குறிப்பிடலாமெனில், அவர் சீக்ரெட் சர்வீஸ் என்னும் அமெரிக்கக் காவல் அமைப்பினரே. 1990 மார்ச் 1ஆம் நாள் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரிலுள்ள ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்னும் ஆட்ட நிறுவனத்தின் அலுவலகத்தில் அவர்கள் புகுந்து, கணினிகளையும், அச்சுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ‘கர்ப்ஸ் சைபர்பங்க்’ நூலின் கைப்பிரதியையும் அள்ளிச் சென்றார்கள். அவர்கள் தேடி வந்தது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆவணம். ஆயினும் பகடை உருட்டுவதற்கான இந்நூலைக் கணினிக் குற்றங்களுக்கான கையேடு என்று அதிகாரிகள் கருதியதாக நிறுவனத்தார் பின்னர் தெரிவித்தனர். வழக்கு நடந்தது, 1993இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பாகி, 50,000 டாலருக்கு மேற்பட்ட நஷ்ட ஈடும் வழக்குச் செலவும் அரசின் தலையில் விழுந்தன. ஒரு விதிநூலுக்கு இவ்வளவு ஆர்வமுள்ள வாசகர் அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கப்போவதில்லை. மேஜையில் நால்வர் கொட்டாவி விட்ட அத்தியாயத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள் அல்லவா!

பிரளய நியாயம்

சிக்கலைத் தீர்க்க முற்பட்ட நூலாசிரியர்கள் கையாண்ட உபாயம் ஒன்று பெரிதும் சிந்திக்கத்தக்கது. 2005இல் வந்த ‘ஷேடோரன்’ நான்காம் பதிப்பு, 2064இல் உலக வலை முழுவதும் நொறுங்கி விழுந்ததாகவும், அதன் பின் கம்பியில்லா வலை எழுந்ததாகவும், ஆகவே ஹேக்கர் தோழர்களோடு நடந்துகொண்டே கண்முன் மிதக்கும் படங்களில் வேலை செய்யலாம் என்றும் விதித்தது. 2020இல் வந்த ‘சைபர்பங்க் ரெட்’ பதிப்பிலும் அதே கதை. ரேஷ் பார்ட்மாஸ் என்னும் ஹேக்கர் 2022இல் ஏவிவிட்ட நாசத்தால் பழைய வலை பாழாயிற்று. எஞ்சியவை ஆங்காங்கே கட்டடத்துக்குள் அடைபட்ட சிறு வலைகள். அவற்றுக்குள் புக வேண்டுமாயின் ஹேக்கர் நுழைவுப் புள்ளிக்கு 6 மீட்டருக்குள் தம் பூத உடலோடு வந்து நிற்க வேண்டும். தோழர்கள் சுடுகின்ற அதே சுற்றில் அவரும் தம் வலைச்செயல்களைச் செய்வார். திறமையின் படிக்கேற்ப ஒரு சுற்றுக்கு 2 முதல் 5 வரை. முன்போல் பாதாள வரைபடமும் இல்லை. மின்தூக்கிபோல் மேலிருந்து கீழ் இறங்கும் தளங்களே உண்டு.

இரு வேறு நிறுவனத்தார், இரு வேறு கற்பனையுலகங்களில், தம் பிள்ளைகளைப்போல் வளர்த்த உலக வலையைத் தம் கையாலேயே அழித்தார்கள். கதையளவில் இதற்குக் கூறப்படும் காரணங்கள் எவ்வாறாயினும், மெய்யான காரணம் மேஜையோரத்தில் கொட்டாவி விட்ட நால்வரே என்பது எம் துணிபு. நான்கு பேரைச் சும்மா உட்கார வைக்கலாகாது என்பதற்காக ஒரு லோகத்தையே பிரளயத்துக்கு உள்ளாக்கிய கருணையை எப்புராணத்திலும் கண்டோமில்லை. (விரிவுக்கு: எம் ‘பீட்சா தத்துவ சந்திரிகை’, முதல் தொகுதி. நூல் இன்னும் எழுதப்படவில்லை.)

திரைப்படச் சான்று

சினிமாவில் இச்சிக்கல் இல்லை, அங்கே கத்தரிக்கோல் உண்டு.

பீட்சா அதிகாரம்

இனி இவ்வாராய்ச்சியின் இருதயத்துக்கு வருகிறோம்.

பொருளதிகாரத்தார் முதல், கரு, உரி என்று மூன்று கூறினர். மேல்நாட்டார் ஆட்டங்களுக்கும் இம்மூன்றும் செவ்வனே பொருந்தும் என்பதை நிறுவுவோம். எதற்கும் பொருந்தும் என்பதை எம் முன்னோடிகள் பலர் நிறுவி, பதவி உயர்வும் பெற்றுவிட்டனர் ஆதலால் எமக்குச் சிரமம் குறைவு. ஹேக்கர் கண்ணை மூடி வலைக்குள் போவது பிரிதல், ஆகலின் பாலை. எஞ்சியோர் அவர் வரவு நோக்கிப் பொறுத்திருப்பது இருத்தல், ஆகலின் முல்லை. ஒரு பகடைக்கு மேல் ஒரு பகடையாக நேரம் நீளவே, சனிக்கிழமை மாலை இப்படிப் போயிற்றே என நோவது இரங்கல், ஆகலின் நெய்தல். பீட்சா வந்து சேர்வது புணர்தல், ஆகலின் குறிஞ்சி. யார் காசு கொடுப்பது என்பதில் தோன்றும் ஊடல் மருதம். ஐந்திணையும் ஒரே மேஜையில், ஒரே மாலையில், நாற்காலியை விட்டு எழாமலே நிகழ்ந்துவிடுகின்றன. இதனை மறுப்பார் உளரேல், அவர் ஹேக்கராகவே எப்போதும் ஆடியவராவார்.

முதற்பொருளில் நிலத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஷேடோரன்’ ஆட்டத்தை வெளியிட்ட ஃபாசா நிறுவனம் சிகாகோ நகரத்தது. சிகாகோவின் கருப்பொருளுள் தலையாயது ஆழத்தட்டுப் பீட்சா. அப்பத்துக்குரிய கனத்தோடு கிண்ணம்போல் கரைகட்டி, பாலாடைக்கட்டியைக் கீழேயும் தக்காளிக் குழம்பை மேலேயும் இட்டு, அடுப்பில் நெடுநேரம் வைத்தெடுப்பது. ‘சைபர்பங்க்’ பிறந்த ஆர். டல்சோரியன் நிறுவனமோ கலிபோர்னியாவில் தோன்றியது. அங்கே மெல்லிய அடைபோன்ற பீட்சாவுக்குக் குறைவில்லை. கணுவுக்குக் கணு கணக்குப் போட்டு வலைப்பிரவேசத்தை நீட்டும் பழக்கம் நீண்ட நேரம் வேகும் பீட்சா உள்ள ஊரில் வளர்ந்தது என்பது தற்செயலாகுமா? அடுப்பில் அது வேகும் நேரமும் டெக்கர் உள்ளே உழலும் நேரமும் ஒத்தவை என்பதை இரு தரப்புச் சமையற்காரரும் அறியாமலே அறிந்திருந்தனர். (‘பீட்சா தத்துவ சந்திரிகை’, நான்காம் தொகுதி, இரண்டாம் பாகம், காலியாக விடப்பட்ட பக்கம், அதன்மேல் எழுந்த உரை, ஒரு பீட்சா அட்டைப்பெட்டியின் மூடி, உட்புறம், எண்ணெய்க்கறைக்கு வடகிழக்கே. மூடியின் மற்றொரு பிரதியில் இவ்விடம் கிழிந்துள்ளது.)

இதற்கு மாறாகச் சிலர், மெல்லிய பீட்சா நாட்டில் பிறந்த ‘சைபர்பங்க் 2020’ ஆட்டத்திலும் வலைப்பிரவேசம் நீண்டதே, அதற்கு என்ன சமாதானம் என்பர். அவர்களுக்குச் சொல்வது: அந்த நூல் அச்சான காலத்தில் டொமினோஸ் நிறுவனம் 30 நிமிஷத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்போம் என்று அமெரிக்க மக்களுக்கு வாக்களித்திருந்தது. ஆகவே மெல்லியதாயினும் கனத்ததாயினும் ஹேக்கருக்கு உத்தேசமாக அரைமணி நேரம் விதிக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டினால் தோழர்கள் திரும்பிவந்து விடுவார்கள். இந்த வாக்கை அந்நிறுவனம் 1993இல் கைவிட்டது. விபத்துகளும் வழக்குகளும் காரணமென்று உலகம் கூறும். ஆட்ட வரலாற்றாசிரியன் கூறுவது வேறு: அன்றோடு ஹேக்கருக்கிருந்த ஒரே காலவரம்பும் நீங்கியது. (‘சந்திரிகை’, ஏழாம் தொகுதி, அதற்கு மாற்றாக நாமே வேறொரு பெயரில் எழுத எண்ணிக் கைவிட்ட ‘சந்திரிகா கண்டனம்’, அக்கண்டனத்துக்குச் சமாதானமாக ஒரு கருத்தரங்கில் வாசிக்கப்படாத கட்டுரை, அக்கட்டுரையைச் செவிமடுக்காத சபையோர் கைதட்டல் உட்பட.)

ஈண்டு ஒரு பேருண்மை வெளிப்படுகிறது. 1992இல் நீல் ஸ்டீபன்சன் எழுதிய ‘ஸ்னோ கிராஷ்’ நாவலின் நாயகன் ஹீரோ புரொட்டாகனிஸ்ட் என்பான் ஒரு ஹேக்கர். அவன் தொழில் யாது? பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பது. மாஃபியா நடத்தும் கடையின் பீட்சாவை 30 நிமிஷத்துக்குள் வாடிக்கையாளரிடம் சேர்க்க வேண்டும்; தவறினால் நேரும் விளைவுகள் நினைக்கத்தக்கவையல்ல. ஹேக்கர் வேறு, பீட்சா கொண்டுவருபவர் வேறு என்ற துவைத மதத்தில் அமெரிக்க மேஜைகள் உழன்றுகொண்டிருந்தபோது, இரண்டும் ஒன்றே என்ற அத்வைத சித்தாந்தத்தை அந்நாவல் முதற்பக்கங்களிலேயே ஸ்தாபித்துவிட்டது. வாதம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை; ஏனெனில் ஆட்ட நூல் எழுதுவோர் நாவல் படிப்பதுண்டு, பீட்சாவும் உண்பதுண்டு, இரண்டையும் ஒருங்கே சிந்திப்பதில்லை.

வகைகள்

வலைப்பிரவேசக் காட்சிகள் ஒருமித்தவை, இருமித்தவை, பன்மித்தவை என மூவகைப்படும். இவற்றுள் முதலிரண்டும் ஒன்றே.

இருவர் ஆட்டம் என்னும் சான்று

மேற்கூறியது விளங்காதோர்க்கு ஒரு சான்று காட்டுவோம். ‘சைபர்பங்க் 2020’ உலகத்தை அடிப்படையாகக் கொண்டு ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1996இல் ‘நெட்ரன்னர்’ என்னும் சீட்டாட்டத்தை அமைத்தார். ஒருவர் பெருநிறுவனம், மற்றவர் ஹேக்கர். நிறுவனம் சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கும், ஹேக்கர் எதைத் திறப்பது என்று நடுங்குவார். 2012இல் ‘ஆண்ட்ராய்ட்: நெட்ரன்னர்’ எனப் புத்துருப் பெற்ற இவ்வாட்டத்தைப் போற்றாதார் சிலரே. மேஜையில் நால்வருக்குச் சலிப்பூட்டிய அதே காரியம், சீட்டில் இருவரைக் கட்டிப்போட்டது ஏன்? வலைப்பிரவேசம் இயல்பாகவே இருவர் ஆட்டமாதலால். குற்றம் கணினியிலும் இல்லை, விதிகளின் கடினத்திலும் இல்லை. இருவருக்குரிய விருந்துக்கு மேலும் நால்வரை அழைத்ததில் உள்ளது. கணினி நுட்பத்தை இன்னும் மெய்யாக, இன்னும் விரிவாக எழுதினால் காட்சி சுவைக்கும் என்று நம்பி அட்டவணைகளைப் பெருக்கியவர்கள், இருமலுக்குக் கதவைப் பெரிதாக்கியவர்கள் ஆவர்.

பரிகாரங்கள்

ஆகவே மெய்யான பரிகாரங்கள் யாவும், இருவரின் பேச்சுக்குள் மற்றையோர் உடம்பை இழுத்துவரும் உபாயங்களாகவே இருத்தல் வேண்டும். இவற்றுட் சிறந்தது விசைப் பரிகாரம். ஹேக்கர் ஒரு பகடை உருட்டிய கையோடு, விடை சொல்வதற்கு முன்பாகவே, சூத்திரதாரி சோலோவைப் பார்த்து, தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறாய் என்று கேட்க வேண்டும். சோலோ துப்பாக்கியை எடுத்ததும் அங்கிருந்து மறுபடி வலைக்குத் தாவ வேண்டும். கிப்சன் கேஸுக்குக் கொடுத்த விசையை இங்கே சூத்திரதாரியின் நாக்கு ஏற்கிறது. முடிந்த இடத்தில் நிறுத்தினால் நால்வரும் எழுந்துபோய்விடுவர். முடியாத இடத்தில் நிறுத்தினால் பீட்சாக் கடைக்காரர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பார், பதில் வராது.

அடுத்தது, ஹேக்கர் செய்வதெல்லாம் வெளியே பலித்தல். வலைக்குள் ஒரு காவல் நிரலை வென்று அதன் பின்னுள்ள இன்னொரு காவல் நிரலை அடைந்தார் என்பதில் மெட்டெக்குக்கு என்ன லாபம்? விளக்கு அணைந்தது, மின்தூக்கி பாதியில் நின்றது, கூரையிலிருந்த தானியங்கித் துப்பாக்கி தன் எஜமானர்மீதே திரும்பியது என்று வந்தால், சண்டையில் நிற்பவர் ஒவ்வொருவரும், ஐயா, இன்னும் ஒரு கதவு, இன்னும் ஒரே ஒரு கதவு என்று ஹேக்கரைக் கெஞ்சத் தொடங்குவர். மறுபுறம், ஹேக்கரின் உடல் கண்மூடித் தரையில் கிடக்கிறது. அதை யாரேனும் சுமக்கவோ காக்கவோ வேண்டும். கறுப்பு ஐஸ் கடித்தால் மூக்கில் இரத்தம் வரும். அதைத் துடைக்க மெட்டெக் வேண்டும். கடவுச்சொல்லை அறிந்த கணக்காளரிடம் பேச்சுக் கொடுத்துக் கறக்க ஃபிக்ஸர் வேண்டும். பகடையில் பெறமுடியாததை நாவில் பெறலாம் என விதித்துவிட்டால் அவரும் வாயை மூடமாட்டார்.

சில மேஜைகளில், சும்மா இருக்கும் தோழர்களின் கையிலேயே காவல் நிரல்களைக் கொடுத்து, ஹேக்கரைக் கடிக்கச் சொல்வதுண்டு. இது மிகவும் உவப்பாக நடைபெறுகிறது. தோழனைக் கடிப்பதில் மனிதர்க்குள்ள ஆர்வத்தை நாடக இலக்கணத்தார் ஏனோ மெய்ப்பாடுகளில் சேர்த்தாரிலர்.

பகடைகளைக் குறைத்தல் என்பதொன்றும் உண்டு, குறைக்க.

காலமறிதல் வேறொரு பரிகாரம். ‘ஷேடோரன்’ ஐந்தாம் பதிப்பில், ஹேக்கர் செய்யும் ஒவ்வொரு சட்டவிரோதச் செயலுக்கும் ஒரு கணக்கு ஏறிக்கொண்டே வரும். அது 40ஐத் தொட்டதும் வலையின் காவற்படை அவரைக் கண்டுபிடித்து வெளியே வீசிவிடும், அவர் உடல் எங்குள்ளது என்பதும் தெரிந்துவிடும். அந்த எண்ணைச் சூத்திரதாரி மறைத்து வைக்காமல் எல்லோரும் காணும்படி மேஜை நடுவே எழுதி வைத்தாரானால், நோமேட் வண்டியைக் கிளப்பத் தயாராவார். ஹாமிஷ் கேமரன் 2016இல் எழுதிய ‘தி ஸ்ப்ரால்’ ஆட்டமும், ஜான் ஹார்ப்பர் 2017இல் எழுதிய ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ ஆட்டமும் இதற்கென்றே கடிகாரம் என்னும் ஒரு கருவியைப் பயன்படுத்துகின்றன. தாளில் ஒரு வட்டம் வரைந்து, அதை 4, 6 அல்லது 8 துண்டுகளாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாக நிரப்பி வருவது. வட்டம் நிறைந்தால் அபாயமணி.

கடிகார சித்தாந்தம்

வட்டம். எட்டுத் துண்டுகள். மேஜையின் நடுவே, எல்லோர் கண்ணுக்கும் எட்டும் இடத்தில். இதனை எழுதிக்கொண்டிருக்கையில் இவ்வாராய்ச்சியின் இரு நதிகளும் ஒன்றாகச் சங்கமிப்பதை வாசகர் எமக்கு முன்பே உணர்ந்திருப்பர். அமெரிக்கக் கடைகளில் பெரிய அளவுப் பீட்சா எட்டுத் துண்டாக வெட்டித் தரப்படுவது பெருவழக்கு. எனவே கடிகாரம் வரைவதற்குத் தாளும் வேண்டா, எழுதுகோலும் வேண்டா. பெட்டியைத் திறந்தால் போதும்.

விதி பின்வருமாறு. ஹேக்கர் வலைக்குள் புகுமுன் பீட்சா வந்து சேர்ந்திருக்க வேண்டும்; வாங்கி வருவதற்காக எவரும் எழுந்து போகலாகாது. ஹேக்கர் ஒரு பகடையில் தோற்றால் தோழர் நால்வருள் ஒருவர் ஒரு துண்டை எடுத்து உண்பார். வென்றால் எவரும் உண்ணலாகாது. எட்டாவது துண்டு எவர் வாயில் புகுகிறதோ அவர், வாயில் உள்ளதை விழுங்கியபின், அபாயமணி அடித்துவிட்டதாக அறிவிப்பார். ஹேக்கர் உள்ளே போய்த் திரும்பும்வரை அவர் கை பீட்சாவைத் தீண்டலாகாது. காரியம் பலித்து வெளியே வந்தால் எஞ்சியது அனைத்தும் அவருக்கே. (‘சந்திரிகை’, பன்னிரண்டாம் தொகுதி, எட்டாம் துண்டு, இத்துண்டைப் பார்வையிட்ட பின் எமக்குத் திருப்பித் தராத நண்பருக்கு நன்றியுரை, முகவுரை, மதிப்புரை மூன்றும் ஒருங்கே.)

இதற்கு ஓர் ஆக்ஷேபம் எழும் என்பதை அறிவோம். தோழர்கள் தம் ஹேக்கரின் தோல்வியை விரும்பத் தொடங்கிவிடுவார்களே, கூலிப்படையின் ஒற்றுமை என்னாவது என்பதே அது. உண்மை. காட்சி தொடங்கியது முதல் நால்வரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறார்கள். எவர் கையும் தொலைபேசியிடம் போவதில்லை. காவல் நிரல்களின் பெயர்களையும் பலங்களையும் ஹேக்கரைக் காட்டிலும் நன்கு மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். பகடை உருளும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், தோற்க வேண்டும் தோற்க வேண்டும் என்று உள்ளுக்குள் பிரார்த்திக்கிறார்கள். ஹேக்கிங் காட்சியில் அனைவரையும் ஈடுபடுத்துவது எங்ஙனம் என்பதே ஆட்டம் வகுத்தோர் கேட்டுவந்த கேள்வி. எந்தப் பக்கம் ஈடுபடுத்துவது என்று எவரும் கேட்கவில்லை.